பொட்டலம் நின்ற பத்தாம் நாள்: குடியாத்தம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

வயது 56. குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமம். முப்பது வருடத்துக்கு மேலாகப் பீடி சுற்றிப் பழகிய கை. வைகாசி முதல் வாரத்து மத்தியான வெயிலில், அரை மயக்கத்தில் இருந்த அந்த அம்மாவை மகளும் மருமகனும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் 76/50. நாடி 118. காய்ச்சல் 100.4. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 48. முந்தின நாளிலிருந்து நாலைந்து முறை பேதி, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. காலையில் பாத்ரூமுக்குப் போக எழுந்தவர் வாசற்படியிலேயே சரிந்திருக்கிறார்.

தொடர்வதற்கு முன் ஒரு வார்த்தை. இதில் வரும் அம்மா தனி ஒருவர் கிடையாது. ஒரே மாதிரி நிலையில் வருகிறவர்களின் விவரங்களைச் சேர்த்து, யாரென்று அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரே நிகழ்வாக எழுதுகிறேன்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரத்தில் வயிற்றுப்போக்கோடு வருகிறவர்கள் அதிகம். கூழ், மோர், பானகம் என்று கண்ட இடத்தில் குடித்திருப்பார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். அதனால் இந்த அம்மாவைப் பார்த்ததும் யாருக்கும் ஆச்சரியம் எழவில்லை. 25 சதவீத குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். உப்புநீர் ஒன்றரை லிட்டர் இறங்கியது. ரத்த அழுத்தம் மட்டும் 80-ஐத் தாண்ட மறுத்தது. ரத்தத்தில் சோடியம் (உப்பு) 121, பொட்டாசியம் 4.1, கிரியேட்டினின் 1.4 என்று வந்தது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லிவிடலாம். பேதியில் உப்பு இறங்கும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை விழும். கிருமி ரத்தத்தில் கலந்தால் அழுத்தம் சரியும். ஆனால் உப்பு, சர்க்கரை, அழுத்தம் மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் விழுந்து, தண்ணீர் ஏற்றியும் தூக்க முடியவில்லை என்றால், மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஊசி நழுவியதால் வேறு இடத்தில் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் சொன்னார்: "மேடம், பிளாஸ்திரியை எடுத்தா தோலும் கூடவே வருது."

அதற்குப் பிறகுதான் எல்லோரும் அந்த அம்மாவை முழுதாகப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் நீலம் பாரித்த ரத்தக்கட்டு; எங்கேயும் இடித்துக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை. முகம் வட்டமாக உப்பி, கன்னம் சிவந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது. வயிறு பெருத்திருக்க, கையும் காலும் மட்டும் வற்றியிருந்தன. வாயில் வெள்ளைப் படலம்.

மகளிடம் கேட்டேன். "ஏம்மா, அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"சுகருக்கும் பிரஷருக்கும்தான் டாக்டரம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"மூட்டுவலி, வீசிங், அரிப்பு, எதுக்காவது?"

"மூட்டுவலிக்குப் பொட்டலம் வாங்கி சாப்ட்டுக்கினு இருந்தாங்க. அது நின்னு பத்து நாளாச்சு. அந்த டாக்டரைத்தான் போலீஸ் புடிச்சிகினு போயிட்டாங்களே."

அதிர்ச்சியைத் தாங்க உடம்பே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்த கையோடு, அதற்கு ஈடான ஸ்டீராய்டு மருந்து ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பு வழியாகப் போட்டோம். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. தேவைப்படாத ஒருவருக்கு ஒரு தடவை 100 மி.கி. போய்விட்டால் பெரிய கேடு எதுவும் வராது. தேவைப்பட்டவருக்குப் போடாமல் விட்டால் விடிவதற்குள் உயிர் போகலாம். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. என்று தொடர்ந்தோம். இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் 104/70-க்கு ஏறியது. சாயங்காலம் அவரே எழுந்து உட்கார்ந்து, கூலிக்குக் கொடுக்க வேண்டிய பீடிக் கட்டு எண்ணிக்கையைப் பற்றி மகளைக் கேட்டார். மறுநாள் வந்த கார்டிசால் அளவு 1.6 மைக்ரோகிராம். அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் இருக்கும் உடம்பில் அது 18-ஐத் தாண்டி எகிறியிருக்க வேண்டும்.

பொட்டலத்தின் கதை

பீடி சுற்றுவது தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துச் செய்யும் வேலை. விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை கால் மடங்கியே இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் முட்டி பேச ஆரம்பிக்கும். இந்த அம்மாவுக்கும் அப்படித்தான். பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக். பெயர்ப்பலகையில் டாக்டர் என்று இருந்தது. எந்தப் படிப்பு என்று யாரும் படித்துப் பார்த்ததில்லை. அங்கே கொடுப்பது காகிதத்தில் மடித்த பொட்டலம். காலைக்கு மூன்று மாத்திரை, ராத்திரிக்கு இரண்டு. எதற்கும் அட்டை கிடையாது, பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. வாரம் நூறு ரூபாய்.

முதல் பொட்டலத்திலேயே வலி ஓடிவிட்டது. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டபோதும் இதுவேதான் நடந்தது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்புவதும், மனம் குழம்புவதும், நிறுத்தினால் வலி இரட்டிப்பாகத் திரும்புவதும் அந்த முதல் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. எழுபது வருடமாகத் தெரிந்த விஷயத்தைத்தான் அந்தப் பொட்டலம் மடித்து மறைத்து வைத்திருந்தது.

ஆறேழு மாதத்தில் உடம்பு பூசினாற்போல் ஆனது. "மாமியாருக்கு உடம்பு நல்லா தேறிடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பசி அதிகம். ராத்திரித் தூக்கம் போனது. அடுத்த வருடம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த பெண் பணியாளர் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதைக் கண்டுபிடித்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் ஆரம்பமாயின. வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை என்று இந்த அம்மா சொன்னதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வலிக்குச் சாப்பிடுவதை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதனால் நான் இப்போதெல்லாம் "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்பதில்லை. "பொட்டலம் வாங்குறீங்களா, பொடி வாங்குறீங்களா, ஊசி போட்டுக்கிறீங்களா" என்று தனித்தனியாகக் கேட்கிறேன். பதில் மாறுகிறது.

பிறகு முதுகில் ஒருநாள் சுருக்கென்று வலி. குடத்தைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். அதற்கும் பொட்டலத்திலேயே ஒரு மாத்திரை கூடியது. கடைசி மூன்று மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பஸ் படி ஏற இன்னொருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. தொடைத் தசை ஸ்டீராய்டில் கரைவதன் அடையாளம் அது. வீட்டில் அதை வயசு என்றார்கள்.

சித்திரையில் கிளினிக்குக்குச் சீல் வைத்தார்கள். கையில் மிச்சமிருந்த பொட்டலங்கள் ஒரு வாரத்தில் தீர்ந்தன.

நின்றதும் என்ன ஆனது

அட்ரினல் சுரப்பி இரண்டும் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. மூளையில் ஹைபோதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற உத்தரவை அனுப்ப, அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருந்தால் மேலிருந்து உத்தரவு வராது. வெளியிலிருந்து மாத்திரையாக வருவதையும் மூளை அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. வீட்டு வாசலுக்குத் தினமும் லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் கிணற்று மோட்டாரை யாரும் போடமாட்டார்கள். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டார், லாரி வராத அன்று சுவிட்சைத் தட்டினால் உடனே ஓடாது. இந்த அம்மாவின் அட்ரினல் சுரப்பி சுருங்கி அந்த நிலையில்தான் இருந்தது.

எவ்வளவு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசால், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 4 முதல் 6 மி.கி.க்குச் சமம். மகள் வீட்டில் தேடி, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கடைசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார். அட்டை இல்லாத மாத்திரையைப் பார்த்து இன்னது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் பக்கம் இப்படி மடித்துக் கொடுப்பதில் வழக்கமாக இருப்பது டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அரை மி.கி. மாத்திரை. டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம். அப்படி மூன்று அரை மி.கி. மாத்திரை போனால் 10 மி.கி. பிரெட்னிசோலோன், உடம்பின் தேவைபோல் இரண்டு மடங்கு, இரண்டு வருடத்துக்கு மேல். அளவு சிறியதாகத் தெரிவதுதான் இதிலுள்ள ஏமாற்று. அதோடு டெக்சாவின் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். ராத்திரியும் போட்டால், விடியற்காலையில் பிட்யூட்டரி விழித்துக்கொள்ளும் நேரம்கூட அதற்குக் கிடைக்காது.

பொட்டாசியம் 4.1 என்று வந்ததை ஏன் குறித்தேன் என்றால், சுரப்பியே அழிந்துபோகும் அடிசன் நோயில் பொட்டாசியம் ஏறும், தோல், உள்ளங்கை ரேகை, ஈறு எல்லாம் கறுக்கும். காசநோயால் அட்ரினல் அழிந்தவர்களை நம் ஊரில் பார்க்கிறோம், அதனால் இது முக்கியம். ஸ்டீராய்டால் சுரப்பி அடங்கிப்போனவர்களுக்கு உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் கெடுவதில்லை; அதற்கு உத்தரவு சிறுநீரகத்திலிருந்து தனியாக வருகிறது. எனவே பொட்டாசியம் சரியாகவே இருக்கும், தோலும் கறுக்காது. முகத்தைப் பார்த்தால் கார்டிசால் மிதமிஞ்சிய ஆள். ரத்தத்தைப் பார்த்தால் கார்டிசாலே இல்லாத ஆள். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் வெளியிலிருந்து மருந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் எனக்கு மனதை உறுத்திய இடம் வேறொன்று. சர்க்கரையும் அழுத்தமும் பெரும்பாலும் பொட்டலத்தால் ஏறியவை. அவற்றை அடக்க அரசு மாத்திரை வந்தது. பொட்டலம் நின்ற பிறகும் அந்த மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்ட மருந்து போய்விட்டது, இறக்கும் மருந்து மட்டும் மிச்சம். சர்க்கரை 48-க்கும் அழுத்தம் 76-க்கும் இறங்கியதற்கு அதுவும் பாதிக் காரணம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டதற்காக ஒருவர் மயங்கி விழுந்தார் என்று எழுத வேண்டியிருக்கிறது.

மற்ற சேதம்

முதுகு எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கியிருந்தன. குடம் தூக்கிய அன்று உடைந்தது அதுதான். ஸ்டீராய்டு எலும்பைத் தின்பது முதல் ஆறு மாதத்திலேயே வேகமாக நடக்கிறது. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் பிரெட்னிசோலோன் கொடுக்கப்போகிறோம் என்றால், கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளே சீட்டில் ஏற வேண்டும். இவருக்கு எலும்பைக் காக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி.யும் சேர்த்தோம், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல்.

இரண்டு கண்ணிலும் லென்சின் பின்புறம் புரை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 8.9 சதவீதம். காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. வெறுங்காலோடு வயலில் நடக்கிறவர்களுக்கு மண்ணிலிருந்து ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, ஸ்டீராய்டு உள்ளவர்களிடம் கட்டுமீறிப் பெருகி உயிரை வாங்கக்கூடியது. மலம் பார்த்தோம், இல்லை. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனைகளும் இல்லை என்றே வந்தன. முழங்கால் எக்ஸ்ரேயில் இருந்தது சாதாரணத் தேய்மானம். தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை மருந்தே கிடையாது. இவ்வளவும், ஒருநாள்கூடத் தேவைப்படாத ஒரு மருந்தால்.

குறைத்த விதம்

தேவையில்லாத மருந்து என்று தெரிந்த பிறகும் அதையே மறுபடி கொடுக்க வேண்டும் என்றபோது மருமகன் கோபப்பட்டார். "அந்தக் கருமத்தால இவ்ளோ ஆச்சுன்னு நீங்களே சொல்றீங்க, திரும்ப அதையே எழுதுறீங்களே மேடம்?" நியாயமான கேள்வி. வலிக்காகக் கொடுப்பதற்கும், சுரப்பி எழுந்திருக்கும்வரை அதன் வேலையை ஈடுகட்டக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பிரெட்னிசோலோன் 10 மி.கி., காலை எட்டு மணிக்கு ஒரே வேளையாக, சாப்பிட்ட பிறகு. ராத்திரி வேளை கிடையாது. உடம்பின் கார்டிசாலும் விடியலில் உச்சத்துக்குப் போய் ராத்திரியில் அடங்குவதுதான். கிளிமெபிரைடையும் ஆம்லோடிபினையும் நிறுத்தினோம், மெட்ஃபார்மினை வைத்துக்கொண்டோம். காலைச் சர்க்கரையை மட்டும் பார்க்காமல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கச் சொன்னோம். காலையில் போடும் பிரெட்னிசோலோன் சாயங்காலச் சர்க்கரையைத்தான் ஏற்றும், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்றும் தெரியாதது போல் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து 7.5. நான்கு வாரம் கழித்து 5. இங்கேதான் சிக்கல் வந்தது.

40, 50 மி.கி. என்று பெரிய அளவில் இருப்பவர்களுக்கு வாரம் 5 அல்லது 10 மி.கி. குறைத்தாலும் தாங்கும், எந்த நோய்க்காகக் கொடுத்தோமோ அது அடங்கியிருந்தால். 20-க்குக் கீழே வந்ததும் படி சிறியதாக வேண்டும். 10-க்குக் கீழே 1 மி.கி.யே பெரிய படி. மேலே இருக்கும்போது மருந்தைத்தான் குறைக்கிறோம். 5-ஐ நெருங்கும்போது உடம்புக்கு வேண்டிய அளவிலேயே கைவைக்கிறோம். பலரும் மேலே நிதானமாக இறங்கிவிட்டு, 5 வந்ததும் "இவ்ளோதானே" என்று ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள்.

ஆடி மாதத்தில் இந்த அம்மா அழுதுகொண்டே வந்தார். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, எதிலும் பிடிப்பு இல்லை, முட்டி பழையபடி. பக்கத்து வீட்டில் ஒருவர் வேறு ஊர்ப் பொட்டலம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"பொட்டலத்துல இருந்த சுகம் உங்க மாத்திரையில இல்லியே டாக்டரம்மா."

இல்லைதான். அதிக ஸ்டீராய்டு வலியை மட்டும் எடுப்பதில்லை, ஒரு தெம்பையும் உற்சாகத்தையும் கொடுக்கும். அதை இழந்தவரிடம் "எல்லாம் உங்க மனசுதான்" என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் பொட்டலத்துக்குப் போய்விடுவார்.

குறைக்கும்போது வரும் வேதனை மூன்று வகைப்படும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஸ்டீராய்டு கொடுக்கக் காரணமான நோயே திரும்புவது ஒன்று: முடக்குவாதமாக இருந்தால் மூட்டு வீங்கிச் சூடாகும், ஆஸ்துமாவாக இருந்தால் இழுப்பு வரும், அதற்கு அந்த நோய்க்கான வேறு மருந்தைப் பலப்படுத்த வேண்டும். கார்டிசால் நிஜமாகவே பற்றாமல் போவது இரண்டாவது: குமட்டல், எடை இறங்குவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, உப்பும் அழுத்தமும் குறைவது, உடனே மருந்தை ஏற்ற வேண்டும். மூன்றாவதில் அளவு போதுமானதாகவே இருக்கும், ஆனால் உயர்ந்த அளவுக்குப் பழகிய உடம்பு ஏங்கும். படுத்தபோது 124/80, நின்றபோது 118/78, சோடியம் 137, எடை நிலையாக இருந்தது. மூன்றாவது வகைதான். 7.5-க்கே திரும்பப் போய் இரண்டு வாரம் நின்று, பிறகு ஒருநாள் 7.5, ஒருநாள் 5 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இறக்கினோம். முட்டிக்குப் பாரசிட்டமால், தொடைத் தசைக்கு உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தூக்கும் பயிற்சி, தரைக்குப் பதிலாக நாற்காலி. முறத்தை வைக்க மருமகன் ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். முட்டிக்கு அதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

5 மி.கி.யில் நிலைத்த பிறகு புரட்டாசியில் முதல் கார்டிசால் சோதனை. முந்தின நாள் காலை மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் இடைவெளி விட்டு, காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் பிரெட்னிசோலோனையும் கார்டிசால் என்று இயந்திரம் எண்ணிவிடும். 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் எழுந்துகொண்டிருக்கிறது, சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் சில மாதம் பொறுக்க வேண்டும். இவருக்கு 3.8.

மார்கழியில் 7.2. அப்போது ஹைட்ரோகார்டிசோனுக்கு மாற்றினோம்: காலை 10, மத்தியானம் 5. அதன் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் ராத்திரி முழுக்க ரத்தத்தில் மருந்து இருக்காது. பிட்யூட்டரிக்குத் தட்டி எழுப்பும் நேரம் கிடைக்கும். பிறகு மத்தியான வேளையை எடுத்தோம். பங்குனியில் 11.4. நிறுத்தினோம். இந்தக் கணக்கு இவருக்கானது. இதை வெட்டி எடுத்து வேறொருவர் பின்பற்றக் கூடாது. சிலருக்கு மூன்று மாதத்தில் சுரப்பி எழும், சிலருக்கு வருடம் தாண்டும், ஒரு சிலருக்கு எழுவதே இல்லை.

காய்ச்சல் வந்தால்

நலமாக இருக்கும் உடம்பு காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் சமயத்தில் கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். அடங்கிப்போன சுரப்பியால் அது முடியாது. அதனால் வீட்டுக்குப் போகும்போதே தமிழில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தோம். ஸ்மார்ட் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் அதையும் செருகி வைத்திருந்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், திடீரென்று நிறுத்தக் கூடாது, காய்ச்சல் அடித்தால் மூன்று நாள் இரட்டிப்பு அளவு, வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் இருக்கக் கூடாது, எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, ஆபரேஷனோ பல் பிடுங்குவதோ எதுவானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழையில் 102 டிகிரி காய்ச்சல் வந்தது. மகள் யாரையும் கேட்காமல் அட்டையைப் பார்த்து 5-ஐ 10 ஆக்கி, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட்டார். எங்களுக்குத் தகவல் தெரிந்ததே அடுத்த மாதம் வந்தபோதுதான். மாசியில் இடது கண் புரை ஆபரேஷன்; அட்டையைக் காட்டினார்கள், அன்றைய காலை மாத்திரையைத் தவறவிடாமல் போட்டே நடந்தது. மருந்து நின்ற பிறகும் ஒரு வருடத்துக்கு அந்த அட்டை உறையிலேயே இருக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது எதற்கு

இதைப் படித்துவிட்டு யாராவது குழந்தையின் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தினால் நான் எழுதியது வீண். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு; வழக்கமான அளவில் அது இந்த விளையாட்டைச் செய்வதில்லை. இழுப்புக்கு ஐந்து நாள், ஒவ்வாமைக்கு ஒரு வாரம் என்று கொடுக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கவே வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்குள் முடியும் எதையும் பொதுவாக அப்படியே நிறுத்தலாம். அதையே வருடத்தில் பல தடவை சாப்பிட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2020-இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்ததும் டெக்சாமெத்தசோன்தான், நாளுக்கு 6 மி.கி., பத்து நாள் வரை. அடுத்த வருடம் அதையே தேவையில்லாதவர்களும், அதிக அளவிலும், சர்க்கரையைக் கவனிக்காமலும் சாப்பிட்டபோது கறுப்புப் பூஞ்சைக்கு வழி திறந்ததையும் பார்த்தோம்.

ஸ்டீராய்டைச் சீராகக் குறைப்பது இந்த ஊருக்குப் புதிதும் கிடையாது. தொழுநோயில் நரம்பு திடீரென்று வீங்கும்போது உடனே பிரெட்னிசோலோன் கொடுக்காவிட்டால் கை முடங்கும், கண் மூடாமல் போகும். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை அறிந்த வேலூர்க்காரர்களுக்கு, ஸ்டீராய்டு நரம்பைக் காப்பாற்றும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 40 மி.கி.யில் ஆரம்பித்து, நரம்பைத் தொட்டுப் பார்த்து, தசையின் பலத்தை அளந்து, பல வாரங்களில் இறக்குவார்கள். தொடங்கும் அன்றே, எந்த வாரம் எவ்வளவு, எப்போது முடியும் என்று எழுதியிருக்கும். பொட்டலத்தில் இருந்ததும் அதே குடும்பத்து மருந்து. முடிக்கும் தேதி இல்லாமல் கொடுத்ததுதான் குற்றம்.

சீல் வைத்த கதவு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் போலி மருத்துவர் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிரெட்னிசோலோனும் டெக்சாமெத்தசோனும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்துகள். ஆனால் கதவில் அரக்கு வைத்துவிட்டுப் போகும்போது, அந்தக் கதவுக்கு வெளியே எத்தனை பேருக்கு அட்ரினல் அடங்கிக் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கைதான ஆளிடம் என்ன மாத்திரை கொடுத்தாய் என்று வழக்குக்காகக் கேட்கிறார்கள். அந்தப் பதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். சீல் வைத்த கதவில், இங்கே மாதக்கணக்கில் மாத்திரை வாங்கியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் அரசு மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டலாம். கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நடை போய் வரலாம். பிரெட்னிசோலோன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மலிவான மாத்திரை. செலவு ஒரு பொருட்டே கிடையாது.

அரசு செய்யும்வரை அந்த அம்மா காத்திருக்கவில்லை. இரண்டாவது தடவை வந்தபோதே, அதே கிளினிக்கில் பொட்டலம் வாங்கிய நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் எப்போதாவது வாங்கியவர்கள். காலைக் கார்டிசால் சரியாக இருந்தது, அனுப்பிவிட்டோம். ஒருவர் கிளினிக் மூடிய பிறகு மருந்துக்கடையில் மாத்திரையைக் காட்டி அதே போல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்தாலும் அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. ஐந்து மாதத்தில் 5 மி.கி.க்கு இறக்கிவிட்டோம். நான்காமவருக்கு இளம்பிள்ளையிலிருந்தே ஆஸ்துமா. அவருக்கு இன்ஹேலரைப் பழக்கவே இரண்டு மாதம் பிடித்தது, ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் இழுப்பு வருகிறது. இப்போது 7.5-இல் நிற்கிறார். நுரையீரல் மருத்துவர் வேறொரு இன்ஹேலர் சேர்த்திருக்கிறார். அது பிடித்தால் ஆனியில் 6-க்கு இறங்கலாம்.